ஸ்ரீமந் நாதமுனிகள் வைபவம்: பத்துப் பாசுரமும் நாலாயிரமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமாளிகைகளிலும் திருக்கோயில்களிலும் நாம் அநுஸந்திக்கும் அருளிச்செயல் ஒவ்வொன்றும் ஒரு மஹாசார்யருடைய திருக்கைகளின் வழியாகவே நம்மை வந்தடைந்திருக்கிறது. திருப்பல்லாண்டைச் சொல்லித் தொடங்கும்போதும், மார்கழியில் திருப்பாவை ஓதும்போதும், இராப்பத்தில் திருவாய்மொழியைச் செவிமடுக்கும்போதும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆழ்வார்கள் அருளிச்செய்தவற்றைத் திரட்டி, முறைப்படுத்தி, இசை கூட்டி, சிஷ்யர்களுக்குக் கற்பித்து, பெரியபெருமாள் உத்ஸவத்தில் இடம்பெறச் செய்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். இத்தனையும் செய்தவர், அத்தொகுப்பினுள் தமது பாசுரம் என்று ஒன்றையேனும் வைத்தாரில்லை. ஆனி அநுஷத்தில் திருவவதரித்த அவருடைய வைபவத்தை, தொகுத்தல் என்னும் கைங்கர்யத்தை முன்னிட்டு இங்கு அநுபவிக்க விழைகிறோம்.

தொகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மனார். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். இவ்வாறு எண்ணைக் கொண்டே திணையை அறியும்படி அத்தொகை அமைந்துள்ளது. தொகுப்பவனுடைய அறிவு அடுக்கும் முறையில் வெளிப்படும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் அப்புலவர்களுக்கு அரசர்களின் ஆதரவு இருந்தது. நாதமுனிகளிடம் அரசாணையும் இல்லை, ஏட்டுச்சுவடியும் இல்லை. அவருக்கு முதலில் கிடைத்தவை பத்துப் பாசுரங்களே.

திருவவதாரம்

இன்று கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியை அடுத்துக் காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் திவ்யஸ்தலமே பழைய வீரநாராயணபுரம். அங்கு எழுந்தருளியிருக்கும் மன்னனார்க்குத் தொண்டு பூண்ட சொட்டைக் குலத்தில், ஈச்வர பட்டருக்குத் திருக்குமாரராக இவர் அவதரித்தார். இயற்பெயர் ரங்கநாதன். யோகத்தில் ஊன்றி நின்றமையால் முனி என்னும் பெயரும் சேர, நாதமுனிகள் என்று வழங்கலானார். குருபரம்பரைக் கணக்கு இவருடைய அவதாரத்தை கி.பி. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைக்கிறது. வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதல் பராந்தக சோழனுடைய விருதுப்பெயர் ஆதலால், வரலாற்று ஆராய்ச்சியாளர் பலர் இவருடைய காலத்தை 10ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டுவருவர். எவ்வாறாயினும், சோழ நாடு தலையெடுத்து வந்த காலத்தில், வேதமும் தமிழும் ஒருசேரப் பயின்ற ஓர் அந்தணர் ஊரில் இவர் வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை.

வங்கிபுரத்தாச்சியின் திருமகளார் அரவிந்தப்பாவையைத் திருமணம் புரிந்து, ஈச்வரமுனி என்னும் திருக்குமாரரைப் பெற்றார். குடும்பத்தோடு வடநாட்டு திவ்யதேசங்களைச் சேவிக்கப் புறப்பட்டு, யமுனைக் கரையில் கோவர்த்தனத்தில் சிலகாலம் தங்கியிருந்தார். கண்ணன் ஆநிரை மேய்த்த அந்த இடத்தை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. மன்னனார் கனவில் தோன்றித் தம்மிடம் திரும்பி வருமாறு நியமிக்க, வழியிலுள்ள திருப்பதிகளைச் சேவித்துக்கொண்டு வீரநாராயணபுரம் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றுமாறு இவர் நியமித்தது அந்த யமுனைக் கரை வாஸத்தின் நினைவாகவே.

ஆயிரத்துள் பத்து

ஊர் திரும்பி மன்னனார் கைங்கர்யத்தில் ஈடுபட்டிருந்த நாளில், மேல்நாட்டிலிருந்து சில ஸ்ரீவைஷ்ணவர்கள் பெருமாளைச் சேவிக்க வந்தனர். அவர்கள் மன்னனார் திருமுன்பே, குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழியைப் பாடினர். அந்தப் பாடலின் இனிமையில் கரைந்துபோன நாதமுனிகள், மேலும் பாட வேண்டினார். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே என்றனர் அவர்கள். நாதமுனிகள் அவர்களைத் தீர்த்தமும் ப்ரஸாதமும் தந்து வழியனுப்பினார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அப்பாசுரங்களை நாதமுனிகளுக்கு முன்பும் பலர் கேட்டிருப்பர். இனிது என்று தலையசைத்திருப்பர். அப்பதிகத்தின் நிறைவுப் பாசுரம், குருகூர்ச் சடகோபன் அருளிய ஆயிரத்துள் இப்பத்து என்று தன்னை அடையாளம் காட்டுகிறது. ஆயிரத்துள் பத்து என்றால், எஞ்சியவை எங்கே? இந்தக் கேள்வி நாதமுனிகளுக்கே எழுந்தது. கிடைத்ததைக் கொண்டு மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. கிடைக்காததை எண்ணித் துயருற்றார். தொகுப்பவனுக்கு வேண்டிய முதல் தகுதி அத்துயரமே என்று நமக்குத் தோன்றுகிறது.

திருவாய்மொழியின் அமைப்பும் அத்தேடலுக்குத் துணை நின்றது. பதிகங்கள் நூறு. இரண்டாம் பத்தில் பன்னிரு திருநாமப் பதிகம் ஒன்று பதின்மூன்று பாசுரங்கள் கொண்டது. மற்றவை பதினொன்று கொண்டவை. ஆக மொத்தம் 1102. பதிகந்தோறும் நிறைவுப் பாசுரம் அருளிச்செய்தவரைச் சுட்டுகிறது. அதனோடு முழுப் பிரபந்தமும் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டது. ஒரு பதிகத்தின் முடிவு அடுத்த பதிகத்தின் தொடக்கத்தில் சென்று சேரும். ஆகவே எந்தப் பதிகத்தைத் தனியே எடுத்தாலும் முன்னும் பின்னும் நூல்முனைகள் தொங்கிக்கொண்டு, முழுமாலை ஒன்று உண்டு என்பதை அறிவிக்கும். ஆழ்வார் திருவுள்ளம் பற்றி அமைத்த அந்த அடையாளத்தை நாதமுனிகள் கண்டுகொண்டார்.

திருப்புளியாழ்வார் அடியில்

பாசுரம் காட்டிய ஊரை நோக்கியே அவர் புறப்பட்டார். காவிரியும் வைகையும் கடந்து, பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூரை அடைந்தார். அங்கே மதுரகவியாழ்வாருடைய சிஷ்ய வழியில் வந்த பராங்குசதாஸரைக் கண்டு வணங்கினார். திருவாய்மொழியும் மற்றைய அருளிச்செயல்களும் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று அவர் வருத்தத்தோடு தெரிவித்தார். ஆனால் ஒன்று மட்டும் அவர்களிடம் எஞ்சியிருந்தது. அது மதுரகவியாழ்வார் தம் ஆசார்யராகிய நம்மாழ்வாரைப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு. அதை ஆழ்வார் திருமுன்பே ஒருமைப்பட்ட மனத்தோடு பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தால் ஆழ்வார் ப்ரஸந்நராவார் என்னும் உபதேசமும் மதுரகவியாழ்வாரிடமிருந்து வழிவழி வந்திருந்தது.

கண்ணிநுண் சிறுத்தாம்பு பதினொரு பாசுரங்கள் கொண்டது. பன்னீராயிரம் உரு என்பது 1,32,000 பாசுரம். ஒரு முறை சொல்வதற்கு மூன்று நிமிஷம் என்று கொண்டாலும் 600 மணி நேரம் ஆகும். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாது சொன்னாலும் ஐம்பது நாள்கள். நம்மில் பலர் ஒரு நாளில் ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்க்கிறோம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத ஒன்றை வேண்டி, நாதமுனிகள் திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அந்தப் பதினொன்றையே மீண்டும் மீண்டும் அநுஸந்தித்தார்.

நம்மாழ்வார் அவருக்கு ஸேவை ஸாதித்து, வேண்டியது யாது என்று வினவியருள, திருவாய்மொழி முதலானவற்றை அருள வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஆழ்வார் தம்முடைய பிரபந்தங்களோடு மற்றைய ஆழ்வார்களின் பிரபந்தங்களையும், அவற்றின் அர்த்தங்களையும், அஷ்டாங்க யோகத்தின் ரஹஸ்யத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. ஆயிரத்தைத் தேடிச் சென்றவர் நான்கு ஆயிரங்களைப் பெற்றார். அவருக்கு வழி திறந்தது, எம்பெருமானைப் பாடிய பாசுரம் அன்று. ஆசார்யனைப் பாடிய பாசுரம். பிறகு மன்னனார் அழைக்க, பெற்ற நிதியோடு வீரநாராயணபுரம் திரும்பினார்.

அடுக்கிய முறை

பெற்றதைப் பெற்றவாறே வைத்துவிடாமல் முறைப்படுத்தியதே அவருடைய அடுத்த கைங்கர்யம். காலவரிசையைப் பின்பற்றியிருந்தால் பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார்கள் மூவரின் திருவந்தாதிகளே முதலில் நின்றிருக்கும். அவையோ இயற்பாவில் வைக்கப்பட்டுள்ளன. ஆழ்வார் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் என்று பகுத்திருந்தால், நம்மாழ்வாருடைய நான்கு பிரபந்தங்களும் ஓரிடத்தில் அமைந்திருக்கும். திருவாய்மொழி தனி ஆயிரமாக நிற்க, திருவிருத்தமும் திருவாசிரியமும் பெரிய திருவந்தாதியும் இயற்பாவில் உள்ளன. திருமங்கையாழ்வாரின் பிரபந்தங்கள் ஆறும் அவ்வாறே இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கின்றன. பண்ணோடு பாடப்படுவது எது, இயலாகச் சேவிக்கப்படுவது எது என்பதே இந்தப் பகுப்பின் அடிப்படை. ஏட்டில் எழுதிவைப்பதற்காக அன்றி, வாயால் சொல்வதற்காகவே அவர் அடுக்கினார் என்பது இதனால் விளங்கும்.

முதலாயிரத்தில் பெரியாழ்வார் திருமொழி தொடங்கிக் கண்ணிநுண் சிறுத்தாம்பு ஈறாக 947 பாசுரங்கள். இரண்டாம் ஆயிரம் முழுவதும் திருமங்கையாழ்வாருடையது. பெரிய திருமொழி 1084, திருக்குறுந்தாண்டகம் 20, திருநெடுந்தாண்டகம் 30, ஆக 1134. இயற்பாவில், மடல்கள் இரண்டையும் 40, 78 என்று கொள்ளும் கணக்கின்படி 709. திருவாய்மொழி 1102. இவற்றின் தொகை 3892. எம்பெருமானார் காலத்தில் திருவரங்கத்தமுதனார் அருளிச்செய்த இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்கள் பின்னர்ச் சேர, எண்ணிக்கை சரியாக 4000 ஆயிற்று. மடல்களை வேறு வகையாக எண்ணும் முறையும் உண்டு. நாதமுனிகளுடைய அடைவில் பிற்காலத்துப் பிரபந்தம் ஒன்று இடையூறின்றிப் பொருந்தியது என்பது, அதன் அமைப்பு எவ்வளவு உறுதியும் நெகிழ்ச்சியும் உடையது என்பதைக் காட்டுகிறது.

தொடக்கத்தில் திருப்பல்லாண்டு நிற்பதும் கருதத்தக்கது. எம்பெருமானிடம் ஒன்றை வேண்டும் பாசுரத்தை அவர் முதலில் வைக்கவில்லை. எம்பெருமானுக்கே தீங்கு வாராமல் காப்பிடும் பாசுரத்தை வைத்தார். வேதத்திற்குப் பிரணவம் போல அருளிச்செயலுக்குத் திருப்பல்லாண்டு என்று நம் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவர். அவ்வாறே, பகவத் விஷயமான பிரபந்தங்களிடையே ஆசார்ய விஷயமான கண்ணிநுண் சிறுத்தாம்பும் இடம்பெற்றது. தமக்குத் திறவுகோலாய் நின்றதை அவர் வெளியே எறியாமல் நிதியோடு சேர்த்தே வைத்தார். தம் பங்காக அவர் அளித்தவை தனியன்களே. திருப்பல்லாண்டுக்கும், கண்ணிநுண் சிறுத்தாம்புக்கும், திருவாய்மொழிக்கும் வடமொழித் தனியன்கள் இவர் அருளியவை. அவை பிரபந்தத்தின் வாயிலில் நின்று கைகூப்புகின்றன. உள்ளே இடம் கேட்கவில்லை.

இசையும் உத்ஸவமும்

நாதமுனிகளின் மருமக்கள் இருவர், மேலையகத்தாழ்வானும் கீழையகத்தாழ்வானும். நாதமுனிகள் அருளிச்செயலைத் தேவகானத்தில் இசைப்படுத்தி இவ்விருவருக்கும் கற்பித்தார். அவர்கள் வழியே பாடும் மரபு பெருகிற்று. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், திருநாராயணபுரம் ஆகிய இடங்களில் இன்றும் நடைபெறும் அரையர் ஸேவை அந்த மரபின் தொடர்ச்சியே.

அவருடைய இசைப் புலமையைப் பற்றிக் குருபரம்பரை ஒரு வரலாறு கூறும். சோழன் அவையில் பாடுமகளிர் இருவர் இருந்தனர். ஒருத்தி தேவகானம் பாடுபவள், மற்றவள் மனுஷ்யகானம் பாடுபவள். அரசன் பலரும் அறிந்த மனுஷ்யகானத்தையே உயர்த்திப் பரிசளித்தான். தேவகானம் பாடியவள் வீரநாராயணபுரம் வந்து மன்னனார் திருமுன்பே பாட, அதன் அருமையை உணர்ந்த நாதமுனிகள் அவளைப் பெருமைப்படுத்தினார். இதைக் கேட்ட அரசன் காரணம் வினவ, நாதமுனிகள் நாலாயிரம் தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, ஓசையைக் கொண்டே ஒவ்வொரு தாளத்தின் எடையையும் சொன்னார். பல ஓசைகள் ஒருங்கே எழும்போதும் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்த செவி அது. ஆழ்வார்களின் பல குரல்களை ஒரு பிரபந்தமாகச் சேர்த்தும், எவருடைய குரலும் மற்றொருவருடைய குரலில் மறைந்துவிடாமல் காத்தவரைப் பற்றி இவ்வரலாறு வழங்குவது பொருத்தமே.

திருமங்கையாழ்வார் காலத்தில் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கென்று ஓர் உத்ஸவம் நடந்ததாகவும், அது பின்னர் நின்றுபோனதாகவும் பெரியோர் கூறுவர். நாதமுனிகள் அதனைப் புதுப்பித்து, மற்றைய பிரபந்தங்களுக்கும் இடமளித்தார். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னர்ப் பகல்பத்தில் முதலிரண்டு ஆயிரங்கள், ஏகாதசி தொடங்கி இராப்பத்தில் திருவாய்மொழி, நிறைவில் இயற்பா என்று அத்யயந உத்ஸவம் இன்றும் நடைபெறுகிறது. ஏட்டைச் செல்லரிக்கும், ஆறு கொண்டுபோகும். ஆண்டுதோறும் பெருமாள் திருமுன்பே, பலர் கூடி, முழுவதும் சொல்லியே தீரவேண்டும் என்று ஏற்படுத்திவிட்டால் ஒரு பாசுரமும் தப்பிப்போகாது. நம்மாழ்வாருடைய ஆயிரத்தை உலகம் ஒருமுறை மறந்ததை நேரில் கண்டவர், இரண்டாம் முறை மறக்காதிருக்க வழி செய்தார்.

இரண்டு நிதிகள்

நாதமுனிகளுக்கு உய்யக்கொண்டார், குருகைக்காவலப்பன், திருக்கண்ணமங்கையாண்டான் முதலான சிஷ்யர்கள் இருந்தனர். ஒருமுறை அரவிந்தப்பாவையாரை வங்கிபுரத்தாச்சியின் திருமாளிகைக்கு உய்யக்கொண்டாரோடு அனுப்பிவைத்தார். அங்கே உய்யக்கொண்டாருக்குப் பழைய சோறு இட்டனர். அவர் அதனைப் பாகவத ப்ரஸாதமாகக் கொண்டு மகிழ்வோடு அமுதுசெய்தார். இச்செய்தி அறிந்த நாதமுனிகள், இவரன்றோ நம்மை உய்யக்கொண்டவர் என்னும் கருத்துடன் உகந்து, புண்டரீகாக்ஷர் என்ற இயற்பெயர் உடைய அவருக்கு அத்திருநாமத்தையே வழங்கினார்.

ஆழ்வாரிடம் தாம் பெற்ற நிதிகள் இரண்டு: அருளிச்செயலும் அதன் அர்த்தமும் ஒன்று; யோகரஹஸ்யம் மற்றொன்று. குருகைக்காவலப்பன் யோகத்தை விரும்பிப் பெற்றார். உய்யக்கொண்டாரை வினவியபோது, ஒருவர் இறந்து கிடக்கும் வீட்டில் மணவிழாக் கொண்டாடுவது தகுமோ என்னும் பொருள்பட விடையளித்தார். உலகம் அறியாமையில் கிடக்கத் தாம் மட்டும் தனியிருந்து பகவதநுபவத்தில் திளைப்பதை அவர் ஏற்கவில்லை. நாதமுனிகள் பேருவகை கொண்டு, திவ்யப்பிரபந்தத்தையும் அதன் பொருளையும் பரப்பும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் ஈச்வரமுனிக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு இவ்விரண்டும் சென்று சேரவேண்டும் என்று சிஷ்யர் இருவருக்கும் நியமித்தார்.

அவருடைய திருநாட்டு எழுந்தருளலும் உருக்கமானது. அவர் யோகத்தில் ஆழ்ந்திருந்த ஒரு நாள், வேட்டைக்கு வந்த அரசன் பரிவாரத்தோடு அவ்வழியே சென்றான். வில்லேந்திய இருவரும் ஒரு பெண்ணும் ஒரு குரங்கும் வந்து சென்றனர் என்று திருமாளிகையில் உள்ளோர் கூற, அது சக்ரவர்த்தித் திருமகனும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே என்று அவர் திருவுள்ளம் பற்றினார். அடிச்சுவடு பற்றிப் பின்தொடர்ந்து, இன்று கங்கைகொண்ட சோழபுரம் என வழங்கும் பதியின் எல்லை வரை ஓடியும் காணப்பெறாமல், அப்பிரிவு ஆற்றாமல் அங்கேயே திருநாடு அலங்கரித்தார். பத்துப் பாசுரத்தின் சுவடு பற்றிக் குருகூர் வரை நடந்தவருடைய சரமமும் ஒரு சுவடு பற்றிய நடையாகவே அமைந்தது.

நின்றதும் மறைந்ததும்

உய்யக்கொண்டாரிடமிருந்து மணக்கால் நம்பிக்கும், அவரிடமிருந்து நாதமுனிகளின் திருப்பேரனாராகிய ஆளவந்தாருக்கும் முதல் நிதி வந்து சேர்ந்தது. மற்றதைப் பெறுவதற்காக ஆளவந்தார் குருகைக்காவலப்பனைத் தேடிச் சென்றார். அவர் தாம் உடலை விடும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்கு முன் வந்து யோகரஹஸ்யத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தார். அந்நாள் நெருங்கிக்கொண்டிருக்க, திருவரங்கத்தில் அத்யயந உத்ஸவம் வந்தது. திருவரங்கப்பெருமாள் அரையர், திருவனந்தபுரத்திற்குச் செல்லுமாறு அடியார்களை அழைக்கும் திருவாய்மொழிப் பாசுரத்தை ஆளவந்தாருடைய திருமுகத்தை நோக்கிப் பலமுறை பாடினார். அதனையே நியமனமாகக் கொண்டு ஆளவந்தார் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளினார். அங்கிருந்தபோதுதான் குறித்த நாள் அன்றே என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிச் செல்ல வழியில்லை. யோகரஹஸ்யம் குருகைக்காவலப்பனோடு போயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு வருத்தமும் வியப்பும் ஒருங்கே தோன்றும். ஒரு நிதி மற்றொரு நிதியைப் பெறவிடாமல் செய்தது. ஆளவந்தாரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்த பாசுரம் நாதமுனிகள் மீட்ட பாசுரம். அதைப் பாடிய இசை அவர் கூட்டிய இசை. அது ஒலித்த உத்ஸவம் அவர் புதுப்பித்த உத்ஸவம். யோகம் ஒருவரிடம், ஒரு நாளைக் குறித்து வைக்கப்பட்டது. அந்த ஒரு நாள் தவறியதும் மறைந்தது. அருளிச்செயலோ பலருடைய நாவில், ஆண்டுதோறும், பெருமாள் திருமுன்பே வைக்கப்பட்டது. அதற்குத் தவறும் நாள் என்று ஒன்றில்லை.

நாதமுனிகள் தாமே இயற்றிய நூல்களின் நிலையும் இதுவே. ந்யாயதத்த்வம், யோகரஹஸ்யம் என்னும் வடமொழி நூல்கள் அவருடையவை. விசிஷ்டாத்வைத தரிசனத்தின் தத்துவ நூல்களுக்கு முன்னோடியாக நின்ற ந்யாயதத்த்வம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஸ்வாமி தேசிகன் முதலான ஆசார்யர்கள் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டே அதனை அறிகிறோம். தாம் எழுதியது மறைய, தாம் தொகுத்தது நின்றது. நூலாசிரியனுக்கு இது இழப்பு. ஆனால் நாதமுனிகளைத் தோத்திரரத்நத்தின் முதல் மூன்று சுலோகங்களில் வணங்கும் ஆளவந்தார், அந்நூலை நிறைவு செய்யும்போதும் அவரையே முன்னிட்டுத் தமக்கு அருளுமாறு எம்பெருமானை வேண்டுகிறார். பேரனார் பெறாமல் போன யோகத்தை அங்கே எண்ணி வாடவில்லை. பாட்டனாருடைய ஸம்பந்தமே போதும் என்று நின்றார்.

இன்று நம் அடியார்கள் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். நாலாயிரமும் அறியேன், எனக்குத் தெரிந்தது சில பாசுரங்களே என்று தயங்கிக் கோஷ்டியில் ஒதுங்கி நிற்போர் பலர். அவர்கள் நினைவில் கொள்ளவேண்டியவர்கள் மன்னனார் ஸந்நிதிக்கு வந்த அந்த மேல்நாட்டு யாத்ரிகர்கள். அவர்களுடைய திருநாமங்களை எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை. அவர்கள் அறிந்தவை பத்தே. பத்துதானே என்று வாய்மூடி நிற்காமல், அதையே பெருமாள் திருமுன்பே பாடினர். அதைக் கேட்க ஒரு நாதமுனிகள் அங்கே இருந்தார்.

ஸ்ரீமந் நாதமுனிகள் திருவடிகளே சரணம்.